மூழ்கியதாகக் கருதப்படும் முட்டை

ஒரு முட்டை வேண்டும் என்று எழுதிக் கேட்டதுதான் அறிவியல் டீச்சர் செய்த முதல் தவறு. கடையில் ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தால் விஷயம் நாலு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பள்ளிக்கு அப்போதுதான் 'கைபடக் கற்போம்' திட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தங்கள் கையாலேயே சோதனை செய்து அறிவியல் படிக்க வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். அதை நம்பி ஓர் ஆசிரியை உண்மையிலேயே கையை நீட்டுவார் என்று திட்டம் போட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பைக் கரைத்த தண்ணீர். நல்ல முட்டை வெறும் தண்ணீரில் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். டீச்சர் முந்தின நாள் வீட்டுச் சமையலறை மேடையில் செய்து பார்த்தார். அவர் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே நேரம் குறித்தார்.

"நாலு நிமிஷம் இருபது செகண்ட். அதுலயும் உப்பு டப்பாவத் தேடினதுக்கே ஒரு நிமிஷம் போச்சு" என்றார்.

மறுநாள் டீச்சர் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார். அவர் முகத்தில் திட்டத்தின் சுற்றறிக்கையைப் படித்த களை இருந்தது.

"தாராளமா செய்யுங்கம்மா. எழுத்துல மட்டும் குடுத்துடுங்க."

எழுத்தில் கொடுப்பதற்குப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. முட்டை எத்தனை, யார் கையால் வாங்கப்படும், உடைந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஒன்பதாவது கேள்வி, 'பொருள் தானாக நகரக் கூடியதா?' டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு, 'இப்போதைக்கு இல்லை' என்று எழுதிவிட்டார். அது இரண்டாவது தவறு.

பத்து நாள் கழித்துக் கல்வி இயக்ககத்திலிருந்து பதில் வந்தது. 'இப்போதைக்கு இல்லை எனில் எப்போது? நகரும் பட்சத்தில் வகுப்பறைக் கதவைச் சாத்தப் பொறுப்பேற்கும் அலுவலர் யார்?' கடை முட்டை குஞ்சு பொரிக்காது என்று டீச்சர் விளக்கம் எழுதினார். குஞ்சு பொரிக்காத முட்டையை முட்டை என்று கருதலாமா என்பதை உயிரியல் பிரிவு உறுதி செய்ய வேண்டும் என்று அதற்கும் பதில் வந்தது. உயிரியல் பிரிவு உறுதி செய்தது. உப்பு சேர்வதால் வேதியியல் பிரிவையும், டம்ளர் கண்ணாடி என்பதால் உடையும் பொருள் பிரிவையும் கேட்க வேண்டியிருந்தது. தண்ணீருக்குப் பிரிவு எதுவும் இல்லாததால் அதற்கு மட்டும் அனுமதி தேவைப்படவில்லை.

இந்தக் கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் முழுக்க முட்டை பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. அதுதான் வேடிக்கை. கொள்முதல் பிரிவு தனிப் பிரிவு, அது அனுமதிக்கெல்லாம் காத்திருக்காது. முதல் வாரமே ஆறு முட்டைகளை அனுப்பிவைத்துவிட்டது. கூடவே ஓர் அதிகாரி வந்து, திட்டப் பொருள் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் மேலும் ஊதா மையில் முத்திரை குத்தினார். முதல் முட்டையில் கோப்பில் குத்துகிற வேகத்தில் குத்திவிட்டார். மீதி ஐந்தில் நிதானமாகக் குத்தினார். உடைந்ததற்குத் தனி அறிக்கை எழுதி, ஐந்தையும் தலைமையாசிரியர் அறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த அலமாரியின் முதுகில் மத்தியானம் முழுக்க வெயில் அடிக்கும்.

ஏழாவது வாரம் டீச்சர் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"சார், அந்த முட்டை இத்தனை நாள் தாங்காது. நானே புதுசா ரெண்டு வாங்கிட்டு வந்துடறேன்."

"அதுல முத்திரை இருக்குமா?"

"இருக்காது சார். ஆனா கெட்டுப்போகாம இருக்கும்."

"கெட்டுப்போனதும் போகாததும் நாம முடிவு பண்றதில்லம்மா. முத்திரை இருந்தா முட்டை. இல்லன்னா அது நீங்க வீட்ல இருந்து கொண்டுவந்த ஏதோ ஒண்ணு. ஆய்வு நாள்ல ஏதோ ஒண்ணு வெச்சு நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் தலையாட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பினார். வற்புறுத்தாததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பள்ளியில் அவர் எட்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டினால் பணி நிரந்தரம் கிடையாது என்பது விதி. அவருக்கு நாற்பது ஆக ஏழு வாரம் இருந்தது. நிரந்தரக் கோப்பு இயக்குநரின் மேசைக்குப் போய்விட்டது. அந்த இயக்குநரேதான் முட்டைச் சோதனையைத் தொடங்கிவைக்க நேரில் வருகிறார். நிகழ்ச்சி நல்லபடி நடந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் வீடு. எட்டு வருஷ வேலை ஒரு முட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில் டீச்சரை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் கழுத்துப்பட்டை கட்டியவர், நல்ல குரல். மேசை மேல் இரண்டு காலி டம்ளர்களையும் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தையும் வைத்தார்.

"இது முட்டைன்னு வெச்சுக்குங்க. டம்ளர்ல தண்ணி இருக்குன்னு வெச்சுக்குங்க." பந்தை ஒரு டம்ளருக்குள் போட்டார். அது டக்கென்று அடியில் போய் விழுந்தது. "பாத்தீங்களா, மூழ்கிடுச்சு."

கூடத்தில் இருந்த அறுபது ஆசிரியர்களும் குறித்துக்கொண்டார்கள். டீச்சர் கையைத் தூக்கினார்.

"உப்புத் தண்ணியில போட்டா சார்?"

பயிற்சியாளர் இரண்டாவது காலி டம்ளரைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். "அது மேம்பட்ட நிலைப் பயிற்சியில வரும்" என்றார்.

பத்தாவது வாரம் அனுமதி வந்தது, கூடவே நாளும் குறித்து வந்தது. அதோடு ஒரு குறிப்பு: 'நிகழ்ச்சியின் வெற்றி அறிக்கை, நிகழ்ச்சிக்கு முந்தின நாளே இயக்ககத்துக்கு வந்து சேர வேண்டும்.' தலைமையாசிரியர் அதை எழுதுவதில் கெட்டிக்காரர். 'பிள்ளைகள் கரவொலி எழுப்ப முட்டை திட்டமிட்டபடி மூழ்கியது. இதற்குப் பாடுபட்ட ஆசிரியையின் பணி பாராட்டத்தக்கது' என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார்.

அந்தப் பள்ளியில் சோதனைக் குறிப்பேட்டை எழுதுவதும் இதே முறைதான். பழைய வழக்கம். சோதனைக்கு முந்தின நாள் கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிடுவார்கள். நோக்கம், பொருட்கள், செய்முறை, நான் கண்டது, முடிவு. பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். காண்பதற்கு முன்பே 'நான் கண்டது' எழுதப்பட்டுவிடும், அப்போதுதான் காண்பதில் தவறு வராது. டீச்சருக்கு இது பிடிக்காது. ஆனாலும் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றதால், 'முட்டை மூழ்கியது' என்று சாக்பீஸால் எழுதினார். எழுதும்போது கை கூசியது என்னவோ உண்மை.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மணி அடிப்பதற்குள் எழுதி முடித்தார்கள். முப்பத்தொன்பதாவது பிள்ளை முடிக்கவில்லை. அவளை வகுப்பில் நத்தை என்பார்கள். அவள் எழுத்தை எழுதுவதில்லை, வரைவாள். ஒவ்வொரு கொம்புக்கும் சுழிக்கும் பென்சிலைக் கூர் சீவிக்கொள்வாள். மணி அடித்தபோது அவள் 'பொருட்கள்' என்பதற்குக் கீழே டம்ளர் வரைக்கும்தான் வந்திருந்தாள்.

"நாளைக்கு எழுதிக்கறேன் டீச்சர்" என்றாள்.

தலைமையாசிரியர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கைதட்டல் ஒத்திகையில் இருந்தார். "நான் பாக்கெட்லேந்து கைக்குட்டைய எடுத்தா நீங்க கைதட்டணும். உள்ள வெச்சா நிறுத்தணும். முட்டையப் பாக்காதீங்க, என்னப் பாருங்க." பதினோரு முறை ஒத்திகை நடந்தது. முட்டைக்கு ஒத்திகை கிடையாது, அது முத்திரை வைத்த பொருள்.

மறுநாள் கூடத்தில் நாற்காலிகள், மாலை போட்ட மேசை, மேசைக்குக் குறுக்கே வெட்டுவதற்கு ரிப்பன். பிள்ளைகளுக்கும் மேசைக்கும் நடுவே பத்தடி தள்ளி ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் முப்பத்தொன்பது பிள்ளைகள் தரையில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் வந்தார். நெடிய மனிதர், வெள்ளைச் சட்டை கஞ்சி மொடமொடப்போடு நின்றது. கூடவே இயக்ககத்தின் புகைப்படக்காரர். இயக்குநர் ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார்.

"நாங்க படிக்கிற காலத்துல எல்லாமே மனப்பாடம். ஆசிரியர் சொல்லுவாரு, நாங்க எழுதுவோம். அந்தக் கொடுமை உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் இந்தத் திட்டம். குழந்தைங்க தொட்டுப் பாக்கணும். கேள்வி கேக்கணும். தப்பு செய்யணும். அதுக்கான விதிமுறைகள நாங்க நூத்துப் பதினாறு பக்கத்துல தெளிவா குடுத்திருக்கோம். குழந்தைங்களோட பாதுகாப்பு முக்கியம், அதனால தொடுறத மட்டும் நான் பாத்துக்கறேன். கேள்வி நேரம் இந்த வருஷம் இல்ல. தப்பு செய்யறதுக்கு இன்னும் குழு அமைக்கல."

தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பியூன் ஒரு தட்டில் மூன்று முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பயன்பாட்டுக்கு, ஒன்று மாற்று. மற்ற இரண்டும் அலமாரியிலேயே இருந்தன. இயக்குநர் முத்திரையைச் சரிபார்த்தார். ஒரு முட்டையை எடுத்து, புகைப்படக்காரரைப் பார்த்தபடி, வெறும் தண்ணீர் டம்ளரில் மெல்ல விட்டார்.

முட்டை மிதந்தது.

சும்மா மிதக்கவில்லை. ஊதா முத்திரை மேலே தெரிய ஜம்மென்று மிதந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பத்து வாரம் வெயிலில் வெந்த முட்டை மிதக்காமல் என்ன செய்யும்? நாள் பட நாள் பட உள்ளே காற்று கூடிக்கொண்டே போகும். அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார், அதுதான் அவரைக் குத்தியது.

"டம்ளர் மாறிப் போச்சோ என்னவோங்க ஐயா" என்றார் தலைமையாசிரியர். இயக்குநர் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. இரண்டாவது முட்டையை விட்டார்கள், அதுவும் மிதந்தது. மாற்று முட்டை மற்ற இரண்டையும்விட உயரமாக மிதந்தது.

இயக்குநர் சற்று யோசித்தார். முப்பது வருஷ அனுபவம் சும்மா போகுமா?

"அறிக்கை ஏற்கெனவே வந்தாச்சு. மூழ்கினதா பதிவும் பண்ணியாச்சு. இப்ப இந்த முட்டை மிதக்குதுன்னா அது முட்டையோட தனிப்பட்ட விஷயம். திட்டத்தப் பொறுத்தவரைக்கும் இது மூழ்கியதாகக் கருதப்படும்" என்றார். பிறகு பியூன் பக்கம் திரும்பினார். "படத்துக்கு மட்டும் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க."

பியூன் மர ஸ்கேலால் முட்டையை டம்ளரின் அடிக்கு அமுக்கினார். புகைப்படக்காரர் ஸ்கேல் தெரியாத கோணமாகப் பார்த்து நாலு படம் எடுத்தார். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஸ்கேலை எடுத்ததும் முட்டை சமத்தாக மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே மறைத்ததே மேலே வந்து நின்று எட்டிப் பார்த்தது.

"குறிப்பேடு ரெண்டு பாக்கலாம்" என்றார் இயக்குநர். முதல் நான்கு குறிப்பேடுகளில் 'முட்டை மூழ்கியது. நான் என் கண்ணால் கண்டேன்' என்று இருந்தது. "அருமை. நாலு பேரும் ஒரே மாதிரி பாத்திருக்காங்க" என்று ஐந்தாவதைக் கேட்டு வாங்கினார். அது நத்தையுடையது.

அவள் அப்போதுதான் 'நான் கண்டது' என்ற தலைப்புக்கு வந்து சேர்ந்திருந்தாள். கரும்பலகையை அதற்குள் அழித்துவிட்டார்கள். பார்த்து எழுத வேறு எதுவும் இல்லாததால் மேசையைப் பார்த்து எழுதியிருந்தாள். இயக்குநர் சத்தமாகவே படித்தார்.

"முட்டை மிதந்தது. பியூன் மாமா ஸ்கேலால் அமுக்கினார். ஸ்கேலை எடுத்ததும் மறுபடி மேலே வந்தது. மூன்று முட்டைக்கும் இப்படித்தான்." படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு இது?"

நத்தை எழுந்து நின்றாள்.

"மூணு முட்டையவும் அமுக்கலயே, ஒண்ணத்தானே அமுக்கினாங்க" என்றார் இயக்குநர் கோபமாக.

நத்தை யோசித்தாள். "ஆமா சார். மிதந்தது மூணு. அமுக்கினது ஒண்ணு. மாத்திடறேன்" என்று ரப்பரைத் தேடினாள்.

இயக்குநர் குறிப்பேட்டை டீச்சரிடம் நீட்டினார், சிவப்புப் பேனாவையும் கொடுத்தார். "பொண்ணுக்குக் கவனம் பத்தல. தப்புன்னு போட்டு, சரியானத எழுத வையுங்க. உங்க ஃபைல் என் மேசைலதான் இருக்கு. இன்னைக்குப் போனதும் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார், ரொம்பத் தன்மையாக.

டீச்சர் பேனாவை வாங்கிக்கொண்டார். ஒரு குறுக்குக் கோடுதான். எட்டு வருஷத்தில் எத்தனையோ குறுக்குக் கோடு போட்ட கை.

"டீச்சர், நான் பாத்தது தப்பா?" என்று நத்தை கேட்டாள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வேண்டுமானால் மறுபடி பார்க்கத் தயாராக இருக்கிறவள் மாதிரி நின்றாள்.

டீச்சருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. 'நான் கண்டது' என்பதற்குப் பக்கத்தில் பெரிதாகச் சரிக்குறி போட்டுக் குறிப்பேட்டை அவளிடமே கொடுத்தார்.

"தப்பில்லம்மா. நீ ஒருத்திதான் சோதனை செஞ்சிருக்க. எல்லாரும் கயிறத் தாண்டி இங்க வாங்க, அது ஏன் மிதந்துச்சுன்னு உடைச்சுக் காட்டறேன். மூக்கப் பொத்திக்கங்க" என்று சொல்லி, டம்ளரிலிருந்து முட்டையை எடுத்தார்.

"முத்திரை வெச்ச முட்டைய உடைக்க அனுமதி இல்ல" என்று இயக்குநர் பாய்ந்தார். திட்டச் சொத்தைக் காப்பாற்றும் வேகத்தில் டீச்சர் கையிலிருந்து முட்டையைப் பிடுங்கி, விட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்தார். பத்து வாரம் அடைத்துவைத்த காற்று அதற்கு மேல் பொறுக்கவில்லை. படாரென்று ஒரு சத்தம். விரலிடுக்கு, சட்டைப் பை, மூக்குக் கண்ணாடி என்று எங்கும் பச்சையும் கறுப்புமாக ஒழுகியது. வந்த நாற்றத்தை எழுத்தில் கொடுக்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் கைபடக் கற்றவர் இயக்குநர் ஒருவர்தான்.

தலைமையாசிரியருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்தக் கைக்குட்டையை எடுத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கைதட்டத் தொடங்கினார்கள். நாற்றம் போகாததால் அவர் கைக்குட்டையை உள்ளே வைக்கவில்லை. அவர் வைக்காததால் பிள்ளைகளும் நிறுத்தவில்லை. இயக்குநர் கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, காரில் ஏறும்வரை கைதட்டல் ஓயவில்லை. நத்தை மட்டும் தட்டவில்லை, அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

வேலை போய்விட்டது என்றுதான் டீச்சர் வீட்டில் சொன்னார். கணவர் ஒரு கடிகாரத்தின் மூடியைத் திருகியபடி, "போனா போகுது, எட்டு வருஷம் ஓடின கடிகாரம் ஒரு நாள் சரியான நேரம் காட்டியிருக்கு" என்றார். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் வேலை போகவில்லை. மூன்றாவது வாரம் நிரந்தர ஆணை வந்தது. டீச்சர் இரண்டு முறை படித்தார். 'முட்டை திட்டமிட்டபடி மூழ்கியதையும், ஆசிரியையின் பணி பாராட்டத்தக்கது என்ற அறிக்கையையும் கருத்தில் கொண்டு' என்று தொடங்கியிருந்தது. அறிக்கை முந்தின நாளே போய்விட்டதல்லவா. டீச்சரைத் தண்டிக்க வேண்டுமானால் முட்டை மூழ்கவில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இயக்ககத்தில் யாரும் தயாராக இல்லை.

ஆணையோடு ஒரு படிவம் இணைந்திருந்தது. கடைசியில் மூன்று கோடுகள்: 'நிகழ்ச்சியில் ஆசிரியர் நேரில் கண்டது.' அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் ஆணை செல்லும்.

"போர்டுல எழுதிப் போட்டீங்கள்ல, அதையே எழுதிடுங்கம்மா. அதோட தலைவலி விட்டுச்சு" என்றார் தலைமையாசிரியர். உண்மைதான், இரண்டே சொல். டீச்சர் பேனாவைத் திறந்தார். நாற்பதுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போது அறை வாசலில் நத்தை குறிப்பேட்டோடு வந்து நின்றாள்.

"முடிச்சிட்டேன் டீச்சர். திருத்திக் குடுங்க."

கடைசிப் பக்கம், கடைசித் தலைப்பு. மூன்று வாரம் கூர் சீவிச் சீவி எழுதிய எழுத்து. 'முடிவு: முட்டை வந்த அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்தால் எதுவும் கெட்டுப்போகும்.'

டீச்சர் சரிக்குறி போட்டு அனுப்பினார். பிறகு படிவத்தை இழுத்து, அவளைப் போலவே நிதானமாக எழுதினார். 'முட்டை மிதந்தது. ஸ்கேலால் அமுக்கினார்கள். ஸ்கேலை எடுத்ததும் மேலே வந்தது.' கையெழுத்துப் போட்டு நீட்டினார். தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். ஊதா முத்திரை குத்தி இயக்ககத்துக்கு அனுப்பினார்.

ஒரு மாதம் தொலைபேசி அடித்தபோதெல்லாம் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் கேட்கவில்லை. 'படிவம் பரிசீலிக்கப்பட்டுத் திருப்திகரமாக உள்ளது' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். அவர் எழுதியதை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது புரிந்தபோது, அதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கடையில் பத்து முட்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் வகுப்புக்குப் போனார். சோதனை நாலு நிமிஷத்தில் முடிந்தது, நத்தைக்கு மட்டும் நாலு நாள் ஆனது.

அந்தப் படிவத்தின் நகல் தலைமையாசிரியரின் இரும்பு அலமாரியில் மீதி இரண்டு முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முத்திரை வைத்த முட்டையை அப்புறப்படுத்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார்கள், பதில் வரவில்லை. அதுவரை அலமாரியை யாரும் திறப்பதில்லை.